ஒரே பேருந்தில் இரண்டு தெருக்கள்

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் அவற்றை எழுதி வரச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி நெல்லாகவா காசாகவா, கடன் யாரிடம், வட்டி எவ்வளவு என்று கேள்விகள் போயின. வந்த பதில்கள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய ஆங்கில நூலாயின. அந்நூலில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, திருநெல்வேலிக்கு வடக்கே சிற்றாற்றங்கரையில் இருக்கும் கங்கைகொண்டான். இருபது ஆண்டுகள் கழித்து பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி அளந்து 1940இல் நூலாக்கினார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காக வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானை எடுத்துக்கொண்டு, 1916க்கும் 1984க்கும் நடுவே எது மாறியது, எது அப்படியே நின்றது என்று எழுதினார்.

ஆக, 'களப்பயணம்' என்று இன்றைய பாடத்திட்டங்கள் புதுச்சரக்கைப் போல அறிமுகப்படுத்தும் விஷயத்துக்குத் தாமிரபரணி வட்டாரத்தில் நூறு வயது தாண்டிவிட்டது. ஸ்லேட்டரின் முறையில் ஒரு குறையும் இருந்தது. அந்தக் காலத்தில் சென்னைக்குப் போய்ப் பட்டப்படிப்பு படித்தவர்கள் பெரும்பாலும் நிலமும் சாதிப் பெருமையும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஊரை எழுதச் சொன்னால் தங்கள் தெருத் திண்ணையிலிருந்து தெரிந்த ஊரைத்தான் அவர்களால் எழுத முடியும். திண்ணையைவிட்டு இறங்கினால் என்ன தெரியும் என்பதுதான் அமைதியும் வளர்ச்சியும் பற்றிய படிப்பின் கேள்வி. நெல்லைக் கல்லூரிகள் அந்தக் கேள்வியை எவ்வளவு தூரம் கேட்டிருக்கின்றன?

பட்டு அறிதலுக்கு உலக அளவில் ஒரு சாத்திரமே உண்டு. அனுபவம் எல்லாமே கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் கற்பதையே கெடுத்துவிடும் என்று 1938இலேயே எச்சரித்தார் ஜான் டூயி. அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து கருத்தை எடுத்தல், மறுபடி செய்து பார்த்தல் என்று 1984இல் ஒரு சுழற்சியை வரைந்து கொடுத்தார் டேவிட் கோல்ப். அமைதி ஆய்வின் பக்கத்தில் நார்வேக்காரர் யோஹான் கால்துங் முக்கியமானவர். சண்டை இல்லாமல் இருப்பது மட்டும் அமைதி ஆகாது, ஆளை அடிக்காமலேயே ஆயுளைக் குறைக்கும் அமைப்பும் வன்முறைதான் என்று 1969இல் அவர் எழுதியது இந்தத் துறையின் அரிச்சுவடி. அந்தக் கண்ணோடு பார்த்தால் சுடுகாட்டுப் பாதை, குடிநீர்த் தொட்டி இருக்கும் இடம், நூறு நாள் வேலைக்குப் பேர் பதியும் வரிசை எல்லாமே பாடம்.

பெல்ஃபாஸ்ட் நகரில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் வாழும் பகுதிகளைப் பிரிக்கும் சுவர்களை வெளிநாட்டு மாணவர்கள் வந்து பார்க்கிறார்கள். எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூலகத்தையும் பார்க்கிறார்கள். அவர்கள் எங்கிருந்தோ வருகிறவர்கள், பார்த்துவிட்டுப் போய்விடலாம். நெல்லையில் நிலைமை வேறு. இங்கே பிரிவினைச் சுவரைப் பார்க்கப் போகிற பேருந்துக்குள்ளேயே சுவரின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன் இருக்கைக்காரனின் மாமாவும் பின் இருக்கைக்காரனின் சித்தப்பாவும் ஒரே வழக்கில் எதிரெதிர்ப் பக்கமாக இருக்கலாம். அதைப் பேராசிரியரும் அறிவார். அறிந்தும் அறியாதது போல் இருப்பதற்குப் பெயர் இங்கே 'டிசிப்ளின்'.

2019இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருகிறார்கள் என்று பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். தகவல் தந்தவர்கள் யார்? 2018ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். நாள் தவறாமல் அந்தக் கைகளில் வருகைப்பதிவு எடுத்த ஆசிரியர்கள் எழுதாததை, பயிற்சிக்கு வந்தவர்கள் எழுதினார்கள். களப்பயணத்தின் பலத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதன் எல்லைக்கும் இதுவே சான்று. சுற்றறிக்கை போய், நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது, ஒரு வட்டாரத்தில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அதிகாரியாகப் போடாதிருப்பது என்று பரிந்துரைகள் நீண்டன.

சேர்ந்து வாழ்ந்தால் சரியாகிவிடும் என்பவர்கள் சேரன்மகாதேவியை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும். வ. வே. சு. ஐயர் 1920களின் தொடக்கத்தில் அங்கே நடத்திய குருகுலம் புத்தகப் படிப்போடு உடலுழைப்பையும் தேசியத்தையும் சேர்த்துக் கற்பிக்க வந்தது. இன்றைய மொழியில் சொன்னால், முழுக்க முழுக்க அனுபவக் கல்வி. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஏற்று, பாதியைக் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் கிளப்பிய புயல் தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றியது. பிள்ளைகளுக்கு என்ன கற்பித்தார்கள் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. எப்படிச் சாப்பாடு போட்டார்கள் என்பது நூறு ஆண்டுகளாக நினைவில் இருக்கிறது. 1925 ஜூனில் ஐயர் குருகுலத்துப் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குப் போனபோது, தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து உயிர்விட்டார்.

இன்றும் ஒரு முகாம் வென்றதா தோற்றதா என்பதைச் சமையல் நடக்கும் இடம் சொல்லிவிடும். ஏழு நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாப்பாடு எங்கே ஆகிறது? ஊர்க்கோயில் மண்டபத்திலா, காலனிச் சமுதாயக் கூடத்திலா? காலனியில் சமைத்தால் யார் யாருக்குத் திடீரென்று வயிற்றுவலி வருகிறது? இதையெல்லாம் எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள். அறிக்கையில் இருப்பவை மரக்கன்று, கண் பரிசோதனை முகாம், நிறைவு விழாப் புகைப்படம்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஒரு சிறப்பு முகாமும் அதன் கணக்கு. சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கு வாரந்தோறும் களப்பணி உண்டு, ஊரக முகாமும் உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு மாணவர்களை அனுப்பும் 'ஸ்டாண்ட்' என்ற விரிவாக்கத் திட்டம் இருக்கிறது. 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு, சமூக ஈடுபாட்டுக்கென இரண்டு மதிப்பெண் அலகு கொண்ட 30 மணி நேரப் பாடத்தை வகுத்து, அதில் பாதி களத்தில் நடக்க வேண்டும் என்றது. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையில் பல கல்லூரிகளில் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரே களம் 'ஐ.வி.' என்னும் தொழிலகப் பார்வை, அதாவது அரை நாள் ஆலையும் மீதி நாள் மூணாறும்.

அமைதியையே பாடமாக வைத்து, கிராமத்தில் தங்குவதைப் படிப்பின் உறுப்பாக்கிய இடம் தமிழ்நாட்டில் காந்திகிராமம். திருநெல்வேலியில் பிறந்த டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது அது. 1956இல் ஊரகக் கல்வி நிலையமாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. காந்தியச் சிந்தனைக்கும் அமைதி அறிவியலுக்கும் அங்கே தனித்துறை உண்டு. சாந்தி சேனை என்ற மாணவர் அமைதிப் படை உண்டு. மாணவர்கள் ஊரில் போய்த் தங்கிப் படிக்கும் திட்டமும் உண்டு. திண்டுக்கல் பக்கம் இருப்பதைத் தாமிரபரணிக்குக் கொண்டுவர முடியாதா என்றால், முடியும். ஆனால் இங்கே அதைவிட நல்ல சொந்தச் சரக்கே இருக்கிறது.

நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். பல்கலைக்கழகப் பதவி இல்லாமலேயே 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்து, 'ஆராய்ச்சி' என்ற இதழையும் நடத்தினார். ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் கதையும் சேகரிப்பவர்களை அவர் உருவாக்கினார். பின்னாளில் சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த தொ. பரமசிவனும் அந்த வழியில்தான் வந்தார்கள். இவர்களை யாரும் அமைதி ஆய்வாளர்கள் என்று சொல்வதில்லை. ஆனால் முத்துப்பட்டன் கதையை வானமாமலை பதிப்பித்ததைவிட நல்ல அமைதிப் பாடம் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைப்பது அரிது.

கதை எளியது. பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். பூணூலை அறுத்து, தோல் வேலை கற்று, மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்ச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். வேண்டுதல்காரர்கள் அங்கே செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால், சன்னிதியிலேயே செருப்புத் தொங்குகிறது. அவற்றின் அடித்தோல் தேய்ந்திருந்தால் சாமி இரவில் போட்டு நடந்தார் என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசைக்கு எல்லாச் சாதிக்காரர்களும் குடும்பத்தோடு காட்டில் குடில் போட்டுத் தங்குகிறார்கள்.

இங்கே ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தால் மதநல்லிணக்கம், சாதி நல்லிணக்கம் என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவது சுலபம். கொஞ்சம் தோண்ட வேண்டும். வில்லுப்பாட்டில் வழங்கும் ஒரு வடிவத்தில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு முடிச்சு வருகிறது. இது பின்னால் ஒட்டப்பட்டது என்பது நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்களின் கருத்து. ஏன் ஒட்டினார்கள்? கலப்பு மணத்தை விழுங்க முடியாதவர்கள், கதையை மட்டும் வைத்துக்கொண்டு மணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு மாணவி பாடகரிடம் ஒரு வடிவத்தையும், குடில் போட்டிருக்கும் வேறு வேறு ஊர்க்காரர்களிடம் மற்ற வடிவங்களையும் கேட்டு எழுதி, எந்தத் தெரு எந்த வடிவத்தைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்த்தால் போதும். மோதலை ஊர் எப்படி ஆற்றுகிறது, எப்படி மறைக்கிறது என்று கால்துங்கைப் படிக்காமலேயே தெரிந்துவிடும்.

அப்படிக் கேட்டு எழுதப் போகும் மாணவியைத்தான் ஊர் முதலில் விசாரிக்கும். "பாப்பாவுக்கு எந்தூரு?" என்று ஆரம்பிக்கும். ஊரைச் சொன்னதும், "அங்கன எந்தத் தெரு?" என்று வரும். இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் டீ எந்தத் தம்ளரில் வரும் என்பது இருக்கிறது. வெளிநாட்டுக் கையேடுகளில் ஆய்வாளரின் நிலைப்பாடு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நெல்லை மாணவருக்கு அது அரை நிமிடத்தில் நடந்து முடிகிறது. இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லாமல் இருப்பது சரியா, சொன்னபின் கிடைக்கும் தகவலை எவ்வளவு நம்புவது என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே வகுப்பில் பேசியாக வேண்டும். பேசுவதில்லை.

பயணத்தின் பாதையும் யாருக்கோ சாதகமாகவே விழுகிறது. 1970களில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் வேலை பார்த்த ராபர்ட் சேம்பர்ஸ், வளர்ச்சி வல்லுநர்கள் கிராமத்துக்குப் போகும் விதத்தைச் சுற்றுலா என்றே கேலி செய்தார். 1983இல் வந்த அவருடைய நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. தார்ச்சாலை போகும் இடத்துக்கே போவது, மழையில்லாத மாதத்தில் போவது, திட்டம் நடக்கும் ஊரையே பார்ப்பது, ஆண்களிடமும் பெரிய மனிதர்களிடமும் மட்டும் பேசுவது. தாமிரபரணிக் கரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாலையோரம் ஊர், உள்ளே தள்ளிக் காலனி. பஸ் சாலையோரத்தில் நிற்கும்.

பங்கேற்பு மதிப்பீட்டு முறையில் ஊர்க்காரர்களே தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் போடுவது வழக்கம். கோயில், தேர்வீதி, பஞ்சாயத்து அலுவலகம், பால் சொசைட்டி என்று ஆண்கள் வரைந்துகொண்டே போவார்கள். காலனி கடைசியில் ஓரமாக ஒரு வட்டமாகும், சில சமயம் யாராவது நினைவுபடுத்திய பிறகு. பிறகு அதே படத்தைக் காலனிப் பெண்களிடம் போடச் சொன்னால் அடிபம்பு நடுவில் வரும், கோயில் ஓரத்துக்குப் போகும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு ஆகும் செலவு இரண்டு படி மாவு.

ஆற்றையே பாடப்புத்தகமாக்கலாம் என்பதும் வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியானது 1873இல் முடிந்த ஸ்ரீவைகுண்டம். கோடைமேலழகியானில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே வந்தால், மேலே தண்ணீர் யாருக்கு முதலில் போகிறது, கடைமடையில் எது மிஞ்சுகிறது, குடிநீருக்கும் தூத்துக்குடி ஆலைகளுக்கும் எங்கே பிரிகிறது என்பது வகுப்பறை வரைபடத்தைவிடத் தெளிவாகும். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான ஆர். நல்லகண்ணு தாமே வழக்காடி, 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை வாங்கினார். 2016 நவம்பரில் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையின் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுக்க அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் விலக்கிக்கொண்டது. மனுவையும் தீர்ப்பையும் படித்துவிட்டு ஆலை வாசலுக்கும் வயல் வரப்புக்கும் போகும் வகுப்பு, வளர்ச்சி என்ற சொல்லை அதற்கப்புறம் சும்மா எழுதாது.

இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் விடாமல் நடக்கும் நல்ல களப்பாடம் ஒன்று பறவைகளைப் பற்றியது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011இலிருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. விடியற்காலையில் மாணவர்களும் விவசாயிகளும் பறவை ஆர்வலர்களும் குழுக்குழுவாகக் குளக்கரைகளில் நிற்கிறார்கள். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் தாளில் எழுதுகிறார். சாதி நல்லிணக்கம் என்று எந்தப் பதாகையும் இல்லை. ஆனால் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன நிபந்தனைகள் அங்கே தாமாகவே அமைந்துவிடுகின்றன. சம நிலை, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் எதிரெதிர்க் குழுக்களின் சந்திப்பு வெறுப்பைக் குறைக்கும் என்றார் அவர். உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டி நடத்திய மேட் லோவின் ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாகச் சந்தித்தவர்களிடம் அது குறைந்தது. சந்திப்பு மட்டும் போதாது, எந்தப் பக்கம் நிற்கவைத்துச் சந்திக்கவைக்கிறோம் என்பதும் முக்கியம். கபடிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அறிந்த தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல.

குளத்தில் நின்று பறவை எண்ணியவர்கள் ஊருக்குத் திரும்பி ஒரே தெருவில் நடப்பார்களா என்பது வேறு கேள்வி. அதற்குப் பறவைகள் பொறுப்பல்ல. ஒரே இடத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு போவது, கணக்கை ஊருக்கே திருப்பித் தருவது என்ற இரண்டு பழக்கத்தையாவது கல்லூரிகள் அவர்களிடம் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஊர்களில் மாணவர்கள் வந்து வினாத்தாள் நிரப்பிப் போகிறார்கள், அறிக்கை துறை அலமாரியில் தூங்குகிறது. கொடியன்குளம், மீனாட்சிபுரம், நாங்குநேரி போன்ற, சாதிப் பிரச்சினையால் பெயர்பெற்ற ஊர்களுக்கு இன்னொரு கூட்டம் கேமராவோடு போவதில் கற்பதற்கும் ஒன்றுமில்லை, அங்கிருப்பவர்களுக்கு நிம்மதியும் இல்லை. காயம்பட்டவரிடம் காயத்தைக் காட்டச் சொல்வது பாடமுறை ஆகாது.

நெல்லைக் கல்லூரிகளின் துறைகள் செய்ய வேண்டிய ஒரு வேலை இப்போது கண்ணெதிரே இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அதில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைக் குடியிருப்புகள் எழுந்தன. கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன பேரணியில் போலீஸ் தடியடி நடந்து, ஆற்றோரத்தில் 17 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை மூட, தலைமுறைகளாக அங்கேயே இருந்த குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கத் தொடங்கின. புலிகள் காப்பகம் வேண்டும் என்பவர்களுக்கும் வீடு வேண்டும் என்பவர்களுக்கும் நடுவே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அமைதி, வளர்ச்சி, சுற்றுச்சூழல், சாதி, சட்டம் ஐந்தும் ஒரே மலையில் சந்திக்கும் இப்படியொரு களம் தேடினாலும் கிடைக்காது. கொழுந்து பறித்தவர்கள் விக்கிரமசிங்கபுரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியிலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ அங்கே போக ஒரு டவுன் பஸ் மாறினால் போதும். அவர்கள் சம்மதித்தால், அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பதிந்து, ஒரு படியை அவர்களிடமே கொடுக்கும் வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது.